ஹெலி ஓட்டப் பழகப் போன முதல் நாள்: எங்கட ஊர் ஆக்களோட கதைக்க வேணும்

குளக்கட்டு | வெள்ளி இரவு 9.40

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே பலருக்கு என்னைப் பௌதிகவியல் வாத்தியாராகத் தெரியும். போன விடுமுறைக்கு இங்கிலாந்தில் அக்கா வீட்டில் நின்றபோது மருமகன் எனக்குச் சொல்லாமல் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். ஹெலிகொப்டர் ஓட்டப் பழகும் முதல் பாடம், அரை மணி நேரம், என் பெயரில். "மாமா, இருபது வருசமா நியூட்டனின்ர மூன்றாம் விதி படிப்பிக்கிறியள். ஒருக்காக் கையால பிடிச்சுப் பாருங்கோ" என்றான்.

வேறெங்கும் இதை எழுத மனம் வரவில்லை. ஹெலிச் சத்தம் என்றால் என்னவென்று தெரிந்த ஆக்களோடுதான் கதைக்க வேண்டும் என்று இருந்தேன்.

1996இல் இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கையோடு கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 14 வயது. அக்கராயன், ஸ்கந்தபுரம், பிறகு மல்லாவி. சைக்கிள் கரியரில் அம்மாவின் தையல் மெசின், முன் பாரில் தம்பி. அந்த வயதில் எங்களுக்குப் பள்ளிப் பாடத்தை விட வானத்துச் சத்தம் நல்ல பாடம். கிபிர் விமானமா, புக்காரா விமானமா, ஹெலியா என்று அம்மம்மா அடுப்படியில் இருந்தபடியே சொல்லுவா. சொல்லி முடிக்க முதல் நாங்கள் பங்கருக்குள் இருப்போம்.

லண்டனுக்குத் தெற்கே, கடலுக்குக் கிட்ட ஒரு சின்ன விமானத்தளம். முதல் குறித்த நாளில் முகில் கீழே இறங்கி நின்றதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை போனபோது நல்ல வெயில். முதலில் எங்களை நிறுத்தார்கள், மூட்டை நிறுக்கிற மாதிரி. எத்தனை கிலோ ஏறுகிறது, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணக்குப் பார்க்காமல் அந்த இயந்திரம் எழும்பாது. பிறகு சட்டைப்பையில் இருந்ததெல்லாம் வெளியே. தொப்பி, சால்வை, கழன்று பறக்கக்கூடிய எதுவும் கூடாது. வால் பக்கம் ஒருநாளும் போகக்கூடாது, முன்பக்கமாக, ஓட்டுபவர் கண்ணில் படும்படிதான் கிட்ட வரவேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார்கள். வால் விசிறி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது.

பயிற்றுவித்தவர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். றொபின்சன் ஆர்-44 என்ற நாலு இருக்கை ஹெலி. வலப்பக்க இருக்கையில் என்னை இருத்தினா. பழகுபவருக்கு அதுதான் இடம், ஹெலியில் விமானியின் இருக்கையே வலப்பக்கம்தான். இடப்பக்கம் அவ. பின்னால் மருமகன், கமெராவோடு.

வெளியே பக்கத்தில் நின்ற வேறொரு ஹெலி அந்த நேரம் ஸ்டார்ட் பண்ணினது. நான் இன்னும் கதவு பூட்டவில்லை. என் முழங்கால் தானாக மடங்கி இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டது. கண் பள்ளம் தேடியது. பதினாறு பதினேழு வருசம் கழிந்து, வேறொரு நாட்டில், காசு கட்டி ஏறிய இருக்கையில். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பாமல் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. நான் தலையை ஆட்டிய பிறகுதான் தொடங்கினா. அந்தப் பொறுமைக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மேல் விசிறி உடனே சுற்றாது. எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவில் பெல்ட். நெல் ஆலையில் பெல்ட் இழுபடுகிற மாதிரி ஒரு சின்ன மோட்டர் அதை மெல்ல இறுக்குகிறது. விசிறிச் செட்டை ஒன்று கண்முன்னால் போகிறது, பிறகு மற்றது, பிறகு எண்ண முடியாமல் போகிறது.

மேலே எழும்பியதும், ஆயிரம் அடியில், ஒவ்வொன்றாக என் கையில் தந்தா. முதலில் பெடல். மேல் விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மற்றப் பக்கம் சுற்றப் பார்க்கும், அதை வால் விசிறிதான் பிடித்து வைக்கிறது. இதைக் கரும்பலகையில் நான் எத்தனை ஆயிரம் தரம் வரைந்திருப்பேன்! இடக்கால் பெடலைக் கொஞ்சம் அழுத்தியதும் முழு இங்கிலாந்தும் வலப்பக்கமாக நகர்ந்தது. பிறகு இடக்கையில் கொலெக்டிவ் என்ற பிடி. உயர்த்தினால் எல்லாச் செட்டையும் ஒன்றாகச் சாய்வு கூடும், ஹெலி மேலே போகும். மேலே போகும்போது வலுக் கூடுவதால் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும், திரும்பவும் இடக்கால் வேலை. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் தொட வேண்டும். கடைசியாக வலக்கையில் சைக்ளிக், போகும் திசையைத் தீர்மானிக்கிற தடி.

சைக்ளிக்கை எப்படிப் பிடிப்பது என்பதுதான் அன்று நான் படித்த பெரிய பாடம். கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும், முன்கை தொடையில் கிடக்க வேண்டும். நான் லான்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் கைபிடியைச் சேற்றுக்குள் பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தேன். ஹெலி முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடியது. ஆட்டத்தை நிறுத்த நான் தள்ள, அந்தத் தள்ளல் அரைச் செக்கன் பிந்திப் போய் அடுத்த ஆட்டமாகத் திரும்பி வந்தது. "அசைக்க வேண்டாம், நினைத்தால் போதும்" என்றா. கையைத் தளர்த்தினேன். தானாக அடங்கியது.

கடைசியில் ஒரு பெரிய புல்வெளியில், பத்தடி உயரத்தில், ஒரே இடத்தில் நிறுத்தச் சொன்னா. ஹோவர். ஆறு செக்கன், ஏழு செக்கன் நின்றிருக்கும். பிறகு பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கி, நான் பின்னால் இழுத்து, அது வாலில் இருப்பதுபோல் சாய, அவ "என்னிடம்" என்று சொல்லி வாங்கினா. ஒரு நொடியில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவவின் கையைப் பார்த்தேன், அசையவேயில்லை.

இறங்கிய பிறகு முதுகு முழுக்க வேர்வை. மருமகன் "பயந்திட்டியளோ மாமா?" என்று கேட்டான். இல்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேயே அரை மணி நேரம் இருந்தேன், அது என் விரலைக் கேட்டு நடந்தது. அதை அவனுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.


நெற்காணி | வெள்ளி இரவு 10.25

மாஸ்டர், வாசிச்சு முடிய எனக்கும் கை வேர்த்திட்டுது. முரசுமோட்டையில இருந்து எழுதுறன்.

ஒரு கேள்வி. இஞ்ச சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில மத்தியான வெக்கைக்குள்ள உந்தச் சின்ன ஹெலி எழும்புமோ? காத்துக்கு முகம் குடுத்தோ எழும்புறது, முதுகு குடுத்தோ?


வீரமரம் | சனி அதிகாலை 2.10

ஒட்டுசுட்டான் ஆள், இப்ப கனடாவில. நாலு வருசமா ஹெலி தனியார் லைசன்ஸ் வைச்சிருக்கிறன். குளக்கட்டு அண்ணை எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். என்ர முதல் பாடமும் உப்பிடித்தான், அந்த முழங்கால் கதை உட்பட. நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

நெற்காணி அண்ணை, காத்துக்கு முகம் குடுத்துத்தான் எழும்புறதும் இறங்குறதும். வெக்கை நல்ல கேள்வி. சூடான காத்து ஐதானது. செட்டைக்குக் கீழ தள்ளக் காத்துக் குறைவு, எஞ்சினுக்கும் வலுக் குறைவு. அதே ஹெலி, அதே ஆக்கள், காலமை ஏழு மணிக்கு லேசா எழும்பும், கிளிநொச்சி வெயில் 35 பாகை அடிக்கிற மத்தியானம் முக்கி முக்கித்தான் எழும்பும். நிலத்துக்குக் கிட்ட, விசிறி விட்டத்தின்ர உயரத்துக்குள்ள, கீழ தள்ளின காத்து நிலத்தில பட்டு விரியிறதால குறைஞ்ச வலுவில நிக்கலாம். அதுக்கு மேல போனால் கூட வலு வேணும். மரத்துக்கு மேல ஏறேக்க வலு முடிஞ்சு போய் விழுந்த ஆக்கள் இருக்கினம். பழகப் போறவையை நிறுக்கிறது இதுக்காகத்தான். பாரத்தை ஒருநாளும் குறைச்சுச் சொல்லக் கூடாது.

முன்னுக்குப் போகத் தொடங்கினதும், 15, 20 நொட் வேகம் வரேக்க, உடம்பு ஒருக்கா நடுங்கிப் பிறகு தானா மேல தூக்கும். தான் கலக்கின காத்தை விட்டுப் புதுக் காத்துக்குள்ள விசிறி போற நேரம் அது. அண்ணைக்கு அந்த நடுக்கம் ஞாபகம் இருக்கும்.


குளக்கட்டு | சனி காலை 6.50

இருக்கிறது தம்பி. ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். சிரித்தா.


முறிகண்டிக் கச்சான் | சனி காலை 8.05

சேர், நான் புதுக்குடியிருப்பு. ஏ.எல் கணிதப் பிரிவு எழுதிட்டு ரிசல்ட்ஸ் பாத்துக்கொண்டிருக்கிறன். பயிற்றுவிச்சவ ஒரு பெண் எண்ட வரியிலயே நிண்டிட்டன். நான் கண்ணாடி போடுறன். எங்கட குடும்பத்தில ஒருத்தரும் பிளேனில கூட ஏறினதில்லை. எனக்கு இது நடக்குமோ எண்டு கேக்கவே கூச்சமா இருக்கு, ஆனாக் கேக்கிறன். என்ன வயது, என்ன படிப்பு, கண்ணாடி போடலாமோ, எவ்வளவு செலவு?


வீரமரம் | சனி மாலை 5.30

தங்கச்சி, கூச்சப்படாதேங்கோ. எனக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் 34 வயது வரை காத்திருந்தனான்.

சர்வதேச விதிப்படி தனியார் லைசன்ஸுக்கு 17 வயது, தொழில் லைசன்ஸுக்கு 18. தனியாருக்குக் குறைஞ்சது 40 மணி நேரப் பறப்பு, கனடாவிலயும் இங்கிலாந்திலயும் 45. ஆனா 45ல முடிக்கிற ஆக்கள் அரிது, எனக்கு 68 மணி எடுத்தது. தொழில் லைசன்ஸுக்கு 150 மணி, அங்கீகாரம் பெற்ற முழுப் பயிற்சி எண்டால் 100. கண்ணாடி தடையில்லை, கண்ணாடியோட பார்வை சரியா வந்தாப் போதும். ஆனா நிறம் பிரிச்சு அறியிற சோதனை இருக்கு. முதல் காசு கட்ட முதல் விமான வைத்தியரிட்ட மருத்துவச் சோதனை செய்யுங்கோ. தொழிலுக்கு முதலாம் வகுப்பு, தனியாருக்கு இரண்டாம் வகுப்பு. பாதி வழியில நிறம் தெரியாதெண்டு தெரிஞ்சு அழுத ஒரு பெடியனைக் கண்டனான். ஆங்கிலம் சர்வதேச அளவுகோலில நாலாம் நிலை வேணும், வானொலியில கதைக்கிறதுக்கு. கணிதப் பிரிவு நல்ல அத்திவாரம்.

இலங்கையில லைசன்ஸ் குடுக்கிறது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. இரத்மலானையில பறப்புப் பள்ளிகள் இருக்கு. பள்ளியைத் தெரியேக்க அதிகாரசபை அங்கீகாரம் இப்ப செல்லுபடியாகுதோ எண்டு எழுத்தில கேளுங்கோ.

செலவை ஒளிக்கேல்லை. ஹெலி மணித்தியாலம் சின்னப் பிளேன் மணித்தியாலத்தை விட ரெண்டு மடங்குக்குக் கிட்ட வரும், சில இடத்தில அதுக்கும் மேல. காரணம் இருக்கு. றொபின்சன் ஹெலியைப் பொதுவா 2,200 மணி ஓடினதும், இல்லாட்டி 12 வருசம் முடிஞ்சதும் முழுக்கப் பிரிச்சுத் திருப்பிக் கட்ட வேணும். செட்டை உட்படக் கன சாமான் மாறும். அந்தச் செலவு ஒவ்வொரு மணித்தியாலத்திலயும் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்ந்திருக்கு. அதனால வீட்டுக் காணியை வித்துப் போட்டு ஓடி வராதேங்கோ. முதல் ஒரு பாடம், அரை மணி. தகுதியுள்ள ஆளோட பறந்தா அந்த அரை மணியும் உங்கட பறப்புப் புத்தகத்தில ஏறும். அதுக்குப் பிறகும் நித்திரை வராட்டி அடுத்த அடி வையுங்கோ.


முறிகண்டிக் கச்சான் | சனி மாலை 6.12

அண்ணா, இதை அப்பாக்கு வாசிச்சுக் காட்டினன். காணி விக்கிற வரி வந்ததும் சிரிச்சிட்டு, "பெடியன் நல்லாச் சொல்லுறான், முதல் கண்ணைக் காட்டிட்டு வா" எண்டார். இவ்வளவும் சொன்னதே எனக்குப் பெரிசு.


பாலைப்பழம் | சனி இரவு 11.20

நான் விசுவமடு. வயது அறுபத்திரண்டு. பேத்திதான் இதை வாசிச்சுக் காட்டினவ, நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதுறா.

தம்பி குளக்கட்டு, கோவிக்காதை. நீ எழுதினதை என்னால முழுசாக் கேக்க ஏலாமல் போச்சு. பெல்ட் இறுகி அந்தச் செட்டை சுத்தத் தொடங்கினது எண்ட இடத்தில பேத்தியை நிப்பாட்டச் சொல்லிட்டு முத்தத்தில போய் இருந்தன். உனக்கு அது விளையாட்டுக் கதை இல்லை எண்டு விளங்குது. நீயும் ஓடின பிள்ளைதான். ஆனாலும் அதுக்குள்ள எப்பிடி அப்பு ஏறி இருந்தனி? எனக்கு இப்பவும் கலியாண வீட்டில ட்ரோன் விட்டுப் படம் எடுத்தால் உள்ள போய் இருந்திடுவன். அதின்ர சத்தம் வண்டின்ர சத்தம். வண்டு எண்டு நாங்கள் சொன்ன வேவு விமானம் வந்தால் பின்னால கிபிர் வரும் எண்டுதான் எங்கட காலத்துக் கணக்கு.

என்ர மூத்தவன் போனது இப்பிடி ஒரு சத்தத்துக்குப் பிறகுதான். மிச்சத்தை எழுத வேண்டாம் எண்டு சொல்லிட்டன்.

ஒண்டு மட்டும் கேக்கிறன். இவ்வளவு காலமும் கேக்க ஒரு ஆள் இல்லை. மேல இருந்து பாக்கேக்க கீழ நிக்கிற ஆக்கள் தெரியுமோ?


நெற்காணி | ஞாயிறு காலை 5.45

அக்கா, இரவு உங்கட எழுத்தைப் பாத்திட்டு ஒண்டும் எழுதாமல் படுத்தன். காலமை வயலுக்குப் போக முதல் எழுதுறன்.

எனக்கும் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள இருக்கு. ஆனா 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயலில நாடு முழுக்க வெள்ளம் நிண்டபோது, கூரையிலயும் மரத்திலயும் நிண்ட சனத்தை ஹெலியில தூக்கினதை ரீவியில பாத்துக்கொண்டு இருந்தன். லுணுவிலப் பக்கம் நிவாரண வேலைக்குப் போன பெல்-212 ஒண்டு விழுந்து அதை ஓட்டினவர் செத்துப்போனார். அண்டைக்கு நான் அழுதன் அக்கா. யாருக்காக அழுறன் எண்டு எனக்கே பிடிபடேல்லை. ஹெலியில இருந்த ஆளுக்காக அழுத முதல் நாள் அதுதான்.

மாஸ்டர்தான் உங்கட கேள்விக்குப் பதில் சொல்ல வேணும்.


குளக்கட்டு | ஞாயிறு காலை 7.30

அம்மா, கோபமில்லை. நீங்கள் முற்றத்தில் போய் இருந்தது எனக்கு நன்றாக விளங்குகிறது. என் அம்மாவுக்கு நான் இன்னும் இந்தக் கதையைச் சொல்லவில்லை. படத்தைக் காட்டி "பிளேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும்.

தெரியும், அம்மா.

ஆயிரம் அடியில் ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது. நடக்கிறாரா நிற்கிறாரா என்பது தெரியும். ஐந்நூறு அடிக்கு இறங்கியபோது உடுப்பின் நிறம் தெரிந்தது. பெரியவரா சின்னப் பிள்ளையா என்பது தெரிந்தது. ஒரு வீட்டுப் பின்வளவில் ஒரு பெண் கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டு நின்றா. வெள்ளை விரிப்பு. பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை எங்களைப் பார்த்துக் கை ஆட்டியது. ஒரு நாய் வட்டமாக ஓடியது. இவ்வளவும் தெரிந்தது.

நான் போனது சின்ன ஹெலி, நல்ல வெளிச்சம், மெல்லப் போனோம். உயரமும் வேகமும் கூடினால் தெரிவது குறையும், இரவிலும் முகிலிலும் குறையும். அன்று உங்களுக்கு நடந்ததில் யார் எதைப் பார்த்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் "மேலே இருந்து ஒன்றும் தெரியாது" என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அது எப்போதும் உண்மையில்லை. இதை உங்களுக்கு எழுதலாமா என்று இரவு முழுக்க யோசித்தேன். கேட்டவருக்குப் பொய் சொல்ல எனக்கு உரிமையில்லை.

அந்தப் பிள்ளை கை ஆட்டியபோதுதான் என் கண் நிறைந்தது. எங்கள் வளவில் அந்த வயதுப் பிள்ளை அந்தச் சத்தத்துக்கு மேலே பார்த்துக் கை ஆட்டியதில்லை.


வீரமரம் | ஞாயிறு மாலை 4.40

அம்மாவுக்கு நான் சொல்ல என்ன இருக்கு. அண்ணை சொன்னது சரி. அதுக்கு மேல ஒண்டும் சேர்க்கேல்லை.

எனக்கு ஒரு விசயம் இங்க வந்த பிறகுதான் விளங்கினது. எங்கட அம்மம்மாமார் சத்தத்தை வைச்சு எது எண்டு சொன்னது சும்மா ஊகமில்லை. பெல்-212க்கு ரெண்டு செட்டை, நிமிசத்துக்கு 324 சுத்து. அப்ப செக்கனுக்குக் கிட்டத்தட்ட 11 அடி காதில விழும், அதுதான் அந்த டக் டக் டக். எம்.ஐ-24 எண்ட ரஷ்ய ஹெலிக்கு ஐஞ்சு செட்டை, 240 சுத்து, செக்கனுக்கு 20. அது தனித்தனி அடியாக் கேக்காது, உறுமலாக் கேக்கும். பெல்-412க்கு நாலு செட்டை, அது வேற மெட்டு. ஒரு செட்டை கிளப்பின சுழிக்குள்ள அடுத்த செட்டை போய் அடிக்கிறதால ஹெலி கீழ இறங்கேக்கதான் அந்த அடிச் சத்தம் உரக்கும். "சத்தம் மாறுது, ஓடு" எண்டு என்ர அம்மம்மா சொன்னது முழு விஞ்ஞானம். அவ நாலாம் வகுப்பு.

ரஷ்ய ஹெலியின்ர மேல் விசிறி சுத்துற திசையும் அமெரிக்க ஹெலிக்கு எதிர். அதனால அண்ணை இடக்காலில அழுத்தினதை எம்.ஐயில வலக்காலில அழுத்த வேணும்.


முறிகண்டிக் கச்சான் | ஞாயிறு மாலை 6.15

ஒரு பயம் இருக்கு, கேக்கிறன். எஞ்சின் நிண்டால்? பிளேனுக்கு இறக்கை இருக்கு, மிதந்து வரும். ஹெலி கல்லு மாதிரி விழும் எண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்?


வீரமரம் | ஞாயிறு இரவு 8.50

விழாது தங்கச்சி. உங்கட பக்கத்துக் காட்டில தணக்கு மரம் கண்டிருப்பீங்கள். அதின்ர காய்க்கு ரெண்டு சிறகு. மரத்தால கழண்டதும் கல்லு மாதிரி விழாமல் சுத்திச் சுத்தி மெல்ல இறங்கும். ஹெலி எஞ்சின் நிண்டதும் அதைத்தான் செய்யுது. கொலெக்டிவை உடன முழுக்கக் கீழ இறக்க வேணும். இறங்க இறங்கக் கீழ இருந்து வாற காத்து விசிறியைச் சுத்திக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவில சைக்கிள் பின் சில்லில இருக்கிற மாதிரி ஒரு ஃப்ரீவீல் இருக்கு, அதனால நிண்ட எஞ்சின் விசிறியைப் பிடிச்சு இழுக்காது. நிலத்துக்குக் கிட்ட வந்ததும் மூக்கை உயர்த்தி வேகத்தைக் கொன்று, சுத்திற விசிறியில சேர்ந்திருக்கிற சக்தியைக் கடைசியாக் கொலெக்டிவால எடுத்து மெல்ல இருத்துறது. ஒரே ஒரு தரம்தான் எடுக்கலாம். இதை ஒவ்வொரு மாணவரும் திருப்பித் திருப்பிப் பழகித்தான் லைசன்ஸ் எடுக்கினம்.

ஆனா நேரம் குறைவு, அதை மறைக்கக் கூடாது. ஆர்-22 எண்ட ரெண்டு இருக்கை றொபின்சனின்ர விசிறி பாரம் குறைஞ்சது, சுத்து கெதியா விழும். கொலெக்டிவை இறக்க ஒரு செக்கன் அளவுதான் கிடைக்கும். இன்னொண்டு, ரெண்டு செட்டை றொபின்சனில சைக்ளிக்கைத் திடீரெண்டு முன்னுக்குத் தள்ளி உடம்பு பாரமிழக்கிற மாதிரிச் செய்தால் விசிறியின்ர தலை தண்டில இடிச்சு முறியலாம். இந்த விபத்துகளைப் பாத்துத்தான் 1995ல அமெரிக்காவில ஆர்-22, ஆர்-44 ரெண்டுக்கும் தனிப் பயிற்சி விதி போட்டவை. முதல் பாடத்தில உங்கட கையில தந்தாலும் பயிற்றுவிக்கிறவரின்ர கை ஒரு அங்குலம் தள்ளித்தான் இருக்கும். இருக்குதோ எண்டு பாருங்கோ. போன் பாத்துக்கொண்டு இருக்கிற ஆளெண்டால் இறங்கி வந்திடுங்கோ.


குளக்கட்டு | ஞாயிறு இரவு 9.30

தணக்கங்காய்! நான் இவ்வளவு வருசமும் வகுப்பில் கடதாசி வெட்டிச் சுற்றவிட்டேன். வரும் தவணையில் பிள்ளைகளைத் தணக்கங்காய் பொறுக்கி வரச் சொல்லப் போகிறேன். முறிகண்டிக் கச்சான், நீங்களும் சனிக்கிழமை வகுப்புக்கு வாருங்கள், பிள்ளைகளுக்கு உங்கள் கேள்விகளைச் சொல்ல வேண்டும். அப்பாவையும் கூட்டி வாருங்கள்.


பாலைப்பழம் | செவ்வாய் இரவு 8.10

தம்பி, ரெண்டு நாளா உன்ர பதிலை யோசிச்சன். தெரியும் எண்டு சொன்னாய். நான் எப்பவும் நினைச்சதுதான். ஆனா ஒருத்தர் வாயால கேக்க வேணும் போல இருந்தது. நல்லது.

அந்த ஓட்டின வீடியோ சத்தத்தோட அனுப்பாதை. மருமகன் எடுத்த படம் இருந்தால் பேத்திக்கு அனுப்பு. துணி காயப் போட்ட அந்த வளவுப் படம்.


குளக்கட்டு | செவ்வாய் இரவு 8.45

அனுப்பிவிட்டேன் அம்மா. ஒரே ஒரு படம்தான், கொஞ்சம் சரிந்து விழுந்திருக்கிறது. அந்த நேரம் என் கையில்தான் ஹெலி.


பாலைப்பழம் | புதன் காலை 6.20

பாத்தன். பேத்தி பெரிசாக்கிக் காட்டினவ. வெள்ளை விரிப்பு, நீலச் சட்டை ரெண்டு, கொடி தொய்ஞ்சு போய்க் கிடக்கு, நடுவில ஒரு கவைத்தடி குடுத்திருக்கலாம். அந்தச் சின்னனுக்கு மூண்டு வயசு இருக்கும், கையைத் தலைக்கு மேல தூக்கி வைச்சிருக்கு. தாய் பயப்பிடேல்லை, திரும்பியும் பாக்கேல்லை, தன்ர வேலையில நிக்கிறா. அதைத்தான் கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தன்.

நீ திருப்பிக் கை காட்டினியோ?


குளக்கட்டு | புதன் காலை 6.35

இல்லை அம்மா. இரண்டு கையும் பிடியில், இரண்டு காலும் பெடலில். ஒன்றையும் எடுக்க முடியாது. எனக்குப் பக்கத்தில் இருந்து பயிற்றுவித்த பிள்ளைதான் எனக்காகக் காட்டினா.